காய்ந்துபோன கல்மாவு

மாவு ஆட்டி முடித்ததும் கிரைண்டரில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி வைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நம் வீடுகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரை மணி நேரத்தில் ஓரம் காய ஆரம்பிக்கும், ராத்திரி அப்படியே விட்டால் காலையில் சுரண்டவேண்டியிருக்கும். கல்லை உருட்டிப் பளபளப்பாக்குகிற டம்ப்ளர் மெஷினுக்கும் இதே கதைதான். ஆனால் உளுந்து மாவு எவ்வளவு காய்ந்திருந்தாலும் ஊறினால் விட்டுவிடும், கல்மாவு இறுகினால் சிமென்ட் பூச்சு மாதிரி நின்றுகொள்ளும். போன கோடையில் ஒரு பேரல் நிறையக் கல் எனக்கு அப்படி ஒட்டிப்போனது. மீட்டெடுக்க ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளில் தெரிந்துகொண்டதையும் அதற்கு முன் பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன், இதே நிலையில் மாட்டியிருப்பவர்கள் சுத்தியலைத் தேடுவதற்கு முன் படித்துவிடுங்கள்.

நான் இருப்பது காங்கேயம் பக்கம். மழை பெய்து ஓய்ந்தால் காட்டுக்குள் கல் பொறுக்கப் போகிற பழக்கம் இங்கே பல ஊர்களில் உண்டு. சந்திரகாந்தக் கல், பளிங்கு (மார்பிள் இல்லை, குவார்ட்ஸ்) எல்லாம் இந்த மண்ணில் கிடைப்பவை. சின்ன வயதிலிருந்து டப்பாவில் சேர்த்து வைத்த கற்களுக்கு ஒரு பளபளப்பு வரவேண்டும் என்ற ஆசையில்தான் மெஷின் வாங்கினேன். கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ கொள்ளும் ரப்பர் பேரல், அதைப் படுக்கவைத்து உருட்ட இரண்டு தண்டு, ஒரு சின்ன மோட்டார், அவ்வளவுதான். கல்லோடு கிரிட் என்கிற சாணைத் தூளும் (சிலிக்கான் கார்பைடு) தண்ணீரும் போட்டு மூடி ஒரு வாரம் ஓடவிடவேண்டும். முதலில் 60/90 என்ற கரடுமுரடான தூள், அடுத்த வாரம் 120/220, அதற்கடுத்து 500, கடைசியில் அலுமினியம் ஆக்சைடு பாலிஷ். ஆற்றுத் தண்ணீர் பல காலம் உருட்டிச் செய்வதை இது ஒரு மாதத்தில் செய்துவிடும். கல்லிலிருந்து தேய்ந்து வருகிற மாவும், உடைந்து நைந்துபோன தூளும், தண்ணீரும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு குழம்பு ஆகும். அதுதான் ஸ்லரி.

அன்று நடந்தது இது. மதுரையில் ஒரு கல்யாணம், அங்கிருந்து அப்படியே ராமேஸ்வரம், மொத்தம் பதினோரு நாள். கிளம்பும்போது முதல் கட்டம் ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் ஐந்து நாள் ஓடவேண்டியது, அதிகமாக ஓடினாலும் கல் கெட்டுப்போகாது என்று விட்டுவிட்டுப் போனேன். போன அன்று ராத்திரியே மழைக் காற்றில் கரண்ட் போய் வந்திருக்கிறது, அந்த அறையின் எம்சிபி சுவிட்ச் விழுந்துவிட்டது, தூக்கிவிட ஆள் இல்லை. பேரல் படுத்தபடியே கிடந்திருக்கிறது. அதன் மூடி ஓரத்தில் ஏற்கெனவே ஒரு சின்னக் கசிவு இருந்தது. ஓடும்போது ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்று வந்த தண்ணீர், நின்ற பிறகு மெல்ல மெல்ல முழுக்க இறங்கிவிட்டது. நான் வந்து பார்த்தபோது மெஷின் தட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு ஏரித் தடம், மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்த பொடி. எம்சிபியைத் தூக்கியதும் மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகியது, பேரல் கால் சுற்று போய்த் திரும்பி வந்தது. உள்ளே எல்லாம் ஒரு பக்கமாக இறுகிக் கிடந்தால் கனம் அந்தப் பக்கமே இழுக்கும், மோட்டாரால் தூக்கிச் சுற்ற முடியாது. அப்படியே விட்டால் பெல்ட் வழுக்கித் தேயும், மோட்டார் சூடாகி எரியும். உடனே நிறுத்தினேன்.

மூடியைத் திறந்தால் கற்களின் மேல்முகம் மட்டும் தெரிகிறது, மீதி எல்லாம் தார் ரோட்டில் பதித்த ஜல்லி மாதிரி உள்ளே புதைந்திருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் ஒரு கல்லை நெம்பினேன். கல் அசையவில்லை, ரப்பர் சுவரில் ஒரு கீறல் விழுந்தது. அதோடு அதைக் கீழே வைத்துவிட்டேன், நல்ல வேளை. ரப்பர் பேரலில் ஆழமாகக் கீறல் விழுந்தால் அதற்குள் கிரிட் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் பாலிஷ் கட்டத்தில் ஒவ்வொன்றாக வெளியே வந்து எல்லாக் கல்லையும் கீறும்.

திண்ணையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா சொன்னார்கள், "ஏஞ்சாமி அதோட மல்லுக்கட்டற? தண்ணிய ஊத்தி ஊற வெச்சுட்டு வேற சோலி பாரு." அதையே செய்தேன்.

முதல் நாள் பேரல் நிறைய வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு. கொதிக்கிற தண்ணீர் ஊற்றக் கூடாது. திடீர்ச் சூட்டில் பளிங்கும் அகேட் கல்லும் விரிசல் விடும், ரப்பருக்கும் நல்லதல்ல. சோப்பு எதற்கு என்றால், வெறும் தண்ணீர் இறுகிய மாவின் மேலே நிற்கும், சோப்பு கலந்தால் நுண்ணிய துளைகளுக்குள் கொஞ்சம் வேகமாக இறங்கும். ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் பார்த்தால் மேலே ஒரு விரல் கனத்துக்குச் சேறாகியிருந்தது. மரக்கரண்டிக் காம்பால் வழித்து, ஒரு வாளியில் கொட்டி, மறுபடி தண்ணீர். இரண்டாம் நாள் பேரலின் வெளிப்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கிப் பிசைந்தேன். ரப்பர் வளைந்து கொடுக்கும், இறுகிய மாவு வளையாது. அதனால் சுவருக்கும் கட்டிக்கும் நடுவில் மயிரிழை அளவுக்கு இடைவெளி விழுந்து, அதற்குள் தண்ணீர் போனது. காற்றுக் குமிழி 'பொளக்' என்று மேலே வந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. இந்தப் பிசைகிற வேலை ரப்பர் பேரலுக்கு மட்டும்தான். கெட்டி பிளாஸ்டிக் பேரல் வைத்திருப்பவர்கள் பேரலையே ஒரு பெரிய வாளித் தண்ணீரில் கவிழ்த்துச் சாய்த்து மூழ்கவைத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும், தட்டினால் உடையும். மூன்றாம் நாள் முதல் கல் கையோடு வந்தது. ஐந்தாம் நாள் கட்டி முழுசாக விட்டது.

வினிகர் ஊற்றலாமே, டாய்லெட் கழுவுகிற ஆசிட் ஊற்றலாமே என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம். அந்த மாவு பளிங்குத் தூளும் சிலிக்கான் கார்பைடும்தான், இந்த ஆசிட் எதற்கும் அவை கரையாது. கூட்டத்தில் சுண்ணாம்பு கலந்த கல் ஏதாவது இருந்தால் அதுதான் முதலில் அரிக்கப்படும், மூடிய பேரலுக்குள் வாயு வேறு சேரும்.

ஏன் இவ்வளவு இறுகுகிறது என்பதை யோசித்துப் பார்த்தால் பயம் போய்விடும். இதில் சிமென்ட் மாதிரி ரசாயன மாற்றம் பெரிதாக எதுவும் இல்லை. ஓடும்போது மாவு தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும், நின்றதும் கனமான துகள் முதலில் அடியில் படியும், அதன் சந்துகளுக்குள் நைஸ் மாவு போய் அடையும், தண்ணீர் இறங்க இறங்கத் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி உட்காரும். காய்ந்த குளத்துக் களிமண் எப்படிக் கெட்டியாகிறதோ அப்படித்தான். அதனால்தான் தண்ணீரால் வந்த வழியே திரும்பிப் போகிறது, நேரம் மட்டும் கொடுக்கவேண்டும். மூடி கசியாத பேரல் என்றால் தண்ணீர் மேலேயே நிற்கும், மாவு அடியில் படிந்து இறுகியிருக்கும், ஆனால் காய்ந்திருக்காது. அது இதைவிட எவ்வளவோ சுலபம். கரண்ட் போய் சில மணி நேரம் ஆகியிருந்தால், வந்ததும் சுவிட்சைப் போடாதீர்கள். பேரலைக் கையில் எடுத்து, மேலும் கீழும் பக்கவாட்டிலும் நன்றாகக் குலுக்கி, உள்ளே கல் கலகலவென்று புரளுகிற சத்தம் கேட்ட பிறகு மெஷினில் வையுங்கள். இப்போதெல்லாம் ஊருக்குப் போவதாக இருந்தால் பேரலைத் திறந்து கழுவி, கல்லைத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டுத்தான் பூட்டுகிறேன்.

கட்டி விட்டதோடு பிரச்சினை முடிவதில்லை. உண்மையான தலைவலி கல்லின் குழிகளிலும் விரிசல்களிலும் காய்ந்து உட்கார்ந்திருக்கிற மாவு. பார்க்க அழகாக இல்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், 60 கிரிட் துகள் ஒன்று சுமார் 250 மைக்ரான் இருக்கும், பாலிஷ் தூள் ஒரு மைக்ரான் அளவில் இருக்கும். முதல் கட்டத்து மாவு ஒரு குழியில் ஒளிந்துகொண்டு பாலிஷ் வரைக்கும் போய், அங்கே வெளியே விழுந்தால் நான்கு வார வேலை போச்சு. கண்ணாடி மாதிரி வரவேண்டிய கல்லில் பிறை பிறையாகக் கீறல்.

அந்தக் கூட்டத்தில் கட்டைவிரல் நுனி அளவில் ஒரு செவ்வந்திக் கல் இருந்தது, கல் வியாபாரி ஒருவரிடம் வாங்கியது. ஊதா நிறத்துக்குக் குறுக்கே பென்சிலால் கோடு போட்டமாதிரி ஒரு சாம்பல் வரி. பத்து மடங்கு லென்ஸில் வைத்துப் பார்த்தால் அது வரி இல்லை, ஒரு பிளவு, வாயிலிருந்து உள்ளே வரைக்கும் மாவு அடைத்து அதன் மேல்முகம் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது. பல் தேய்க்கிற பிரஷ் அதன் மேலே வழுக்கிப் போகிறது. ஊசியால் குத்தலாம், ஆனால் ஊசி முனை உரசினால் கருப்பாக ஒரு இரும்புத் தடம் விடும், அதை எடுப்பது தனி வேலை. நான் கண்டுபிடித்தது விளக்குமாற்று ஈர்க்குச்சி. நுனியைச் சாய்வாகச் சீவி, தண்ணீருக்கு அடியில் கல்லைப் பிடித்துக்கொண்டு பிளவின் நீளவாக்கில் இழுத்தால், குச்சி கல்லைக் கீறாது, நைந்து நைந்து உள்ளே போகும், மாவு புகை மாதிரி தண்ணீரில் கலைந்து வரும். அந்த ஒரு கல்லுக்கு ஆறு ஈர்க்குச்சி ஆனது. முக்கால்வாசி வரி போனது. மீதி கால்வாசி மூக்குக் கண்ணாடி கழுவுகிற அல்ட்ராசோனிக் மெஷினில் நான்கு தடவை போட்ட பிறகுதான் விட்டது. இந்த மெஷின் இப்போது ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது, கல் உருட்டுகிறவர்கள் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சுவிட்சைப் போட்டதும் குழியிலிருந்து சின்னச் சின்ன மேகமாக மாவு கிளம்புவதைப் பார்க்கலாம். ஏற்கெனவே நிறைய விரிசல் உள்ள கல்லை மட்டும் அதில் போடாதீர்கள், பிளந்துகொள்ளும்.

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் வெங்காரம் போட்டு ஓட்டுவதும் நல்ல பலன் தருகிறது. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள், பொற்கொல்லர்கள் பற்றவைக்கப் பயன்படுத்துவதுதான். நன்றாகக் கழுவிய பேரலில் கழுவிய கல்லைப் போட்டு, ஒரு மேசைக்கரண்டி வெங்காரமும் தண்ணீரும் விட்டு ஐந்தாறு மணி நேரம் ஓடவிட்டால் தண்ணீர் பால் மாதிரி கலங்கி வரும், அவ்வளவும் குழிகளில் இருந்த மாவு. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், சாப்பிடுகிற பொருள் கிடையாது.

விரிசல் பெரிதாக உள்ள கல்லைப் பற்றி எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. அதை அடுத்த கட்டத்துக்கு அனுப்பக் கூடாது. விரிசல் தேய்ந்து மறையும் வரைக்கும் முதல் கட்டத்திலேயே இன்னும் ஒரு வாரம், இரண்டு வாரம் ஓடட்டும், மறையாவிட்டால் தோட்டத்தில் போட்டுவிடுங்கள். கடைசியில் பாலிஷ் தூள் வெள்ளையாகத் தங்கிவிட்ட குழியை எண்ணெய் தடவி மறைத்துப் படம் எடுத்துப் போடுகிறார்கள், எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. எண்ணெய் நாலு நாளில் காயும், வெள்ளை திரும்பத் தெரியும், வாங்கியவர் என்ன நினைப்பார்?

சரி, வராமல் தடுப்பது எப்படி? பேரலைத் திறந்த நிமிடத்திலிருந்து கல் காயவே கூடாது. இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். இரண்டு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மூடியையே திறப்பேன். பேரலிலிருந்து ஜல்லடை, ஜல்லடையிலிருந்து முதல் வாளி, அலசி இரண்டாவது வாளி. அதற்குள் யாராவது வந்துவிட்டார்கள், போன் வந்துவிட்டது என்றால் பரவாயில்லை, கல் தண்ணீருக்குள் ஒரு நாள்கூட இருக்கலாம். தட்டில் பரப்பி வைத்துவிட்டு 'அப்புறம் தேய்த்துக்கொள்ளலாம்' என்று போனால்தான் வம்பு, அதுவும் இங்கே சித்திரை வெயிலில் பத்து நிமிடம் போதும். எல்லாம் தேய்த்துச் சுத்தமான பிறகு துணியில் போட்டு நிழலில் காயவையுங்கள். செவ்வந்திக் கல்லை வெயிலில் நாள்கணக்கில் விட்டால் நிறமும் வெளுக்கும்.

ஓடும்போதே ஸ்லரி கெட்டியாவதும் உண்டு. நல்ல பதம் எது என்றால், கல்லை எடுத்தால் அதன் மேல் ஸ்லரி ஒரு பூச்சாகத் தங்கி மெல்ல வழியவேண்டும், ரவா தோசை மாவு மாதிரி. இட்லி மாவு பதத்துக்குப் போய்விட்டால் கற்கள் ஒன்றோடொன்று ஒட்டி மொத்தமாகச் சறுக்கும், புரளாது. காதுக்கே தெரியும், 'சர் சர்' என்று அருவி மாதிரி வருகிற சத்தம் அடங்கி, 'தொப்' 'தொப்' என்று வரும், இல்லை ஒன்றுமே கேட்காது. மண் ஒட்டிய கல்லைக் கழுவாமல் போட்டால், மென்மையான கல் கலந்திருந்தால், தண்ணீரை உறிஞ்சுகிற கல் இருந்தால் இப்படி ஆகும். திறந்து இரண்டு கரண்டி தண்ணீர் விட்டு மூடினால் சரியாகிவிடும். பயந்துகொண்டு முதலிலேயே தண்ணீரை நிறைய விட்டுவிடாதீர்கள், தண்ணியாக இருந்தால் கிரிட் கல்லில் ஒட்டாமல் அடியில் படியும், ஒரு வாரம் ஓடியும் கல் அப்படியே இருக்கும். பேரலில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து நாலில் மூன்று பங்கு கல், மேல் அடுக்குக் கல் தலை தெரியும் அளவுக்குக் கீழே தண்ணீர், இது எனக்கு எப்போதும் சரியாக வருகிறது.

கசிவுக்கு வருகிறேன், என் விஷயத்தில் மூல காரணமே அதுதான். மூடி உட்காருகிற விளிம்பில் போன தடவை தெறித்த ஸ்லரி ஒரு நூல் அளவு காய்ந்திருந்தால் போதும், மூடி அந்த இடத்தில் சரியாக அமராது, அங்கே கசியும், கசிந்தது காயும், அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் அகலமாகக் கசியும். ஈரத்துணியால் விளிம்பையும் மூடியின் பள்ளத்தையும் சுற்றி ஒருமுறை துடைத்துவிட்டு, விரலால் தடவிப் பார்த்து மூடுங்கள். நான் இப்போது சமையலறைத் தராசில் பேரலை நிறுத்து எழுதி வைக்கிறேன். மறுநாள் எடை குறைந்திருந்தால் கசிகிறது என்று அர்த்தம், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும். தண்டு சுற்றுகிற முனைகளிலும் இந்த மாவு போய்க் காயும், அது உப்புத்தாள் மாதிரி பேரிங்கைத் தின்றுவிடும், அங்கேயும் ஈரத்துணி.

ஸ்லரியைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், பாத்ரூம் சாக்கடையிலும் வேண்டாம். முதல் வருஷம் அப்படி ஊற்றி, வளைவுக் குழாயில் இறுகி, குழாயையே அறுத்து மாற்றவேண்டியதாயிற்று. பழைய பெயின்ட் வாளியில் விட்டு இரண்டு நாள் தெளியவைத்தால் தண்ணீர் மேலே நிற்கும், அதை மெதுவாக வடித்துவிட்டு, அடியில் உள்ள சேற்றை ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் கட்டிக் குப்பைக்கு அனுப்பிவிடுகிறேன்.

ஈரத்தோடு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த மொத்தப் பதிவில் ஒரு விஷயத்தை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். காய்ந்த ஸ்லரியை உலர்ந்த நிலையில் சுரண்டக் கூடாது, ஊதக் கூடாது, துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. அது பளிங்குத் தூள், சிலிக்கா. நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. குஜராத்தில் காம்பட் ஊரில் தலைமுறை தலைமுறையாக அகேட் மணிகளைச் சாணை பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அங்கே சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் எத்தனை குடும்பங்களை அழித்திருக்கிறது என்பது மருத்துவர்கள் பல காலமாக எழுதிவரும் விஷயம். இதே காம்பட்டில் மெஷின் வருவதற்கு முன்னால் மணிகளைக் குருந்தத் தூளோடு தோல் பைக்குள் போட்டு, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, பையை முன்னும் பின்னுமாக நாள்கணக்கில் இழுத்து உருட்டிப் பாலிஷ் செய்வார்கள், பையை ஈரமாகவே வைத்திருப்பார்கள். நம்முடைய டம்ப்ளரின் பாட்டன் அதுதான் என்று எனக்குத் தோன்றும். எங்கள் ஊருக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில் இருக்கிற கொடுமணலிலும் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே பளிங்கிலும் பச்சைக்கல்லிலும் மணி செய்திருக்கிறார்கள், அகழாய்வில் வேலை முடியாத மணிகளும் கழிவுத் துண்டுகளும் கூடையாகக் கிடைத்தன. அவர்கள் கையில் என்ன சேறு ஒட்டியிருக்கும், அதை எப்படிக் கழுவியிருப்பார்கள் என்று பேரல் கழுவும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். வீட்டில் நாம் செய்வது சின்ன அளவுதான் என்றாலும் மேசையில், தரையில் காய்ந்துவிட்ட மாவைத் தண்ணீர் தெளித்து நனைத்துத் துணியால் ஒற்றி எடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

அந்தப் பதினோரு நாள் கூட்டத்தில் மொத்தம் நாற்பத்தியிரண்டு கல். ஏழு கல்லை விரிசலுக்காக ஒதுக்கினேன், மீதியை முதல் கட்டத்திலிருந்தே புதுக் கிரிட் போட்டு மறுபடி ஓட்டினேன், பேரலில் விழுந்த கீறல் நல்ல வேளையாக ஆழமில்லை. செவ்வந்திக் கல் இப்போது 500ல் ஓடிக்கொண்டிருக்கிறது. வியாழக்கிழமை திறக்கவேண்டும், வாளி இரண்டையும் இன்றைக்கே கழுவி வைத்துவிட்டேன்.